தட்டிய இடத்தில்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது சபரீஷுக்கு நடந்தது. மதுக்கரையில், பட்டப்பகலில், மொட்டை வெயிலில் நடந்தது. பேய் வருவதற்கு இருட்டும் மழையும் வேண்டும் என்று யார் சொன்னது? அவன் வீட்டுச் சமையலறைத் தரையில் ஒரு டைல்ஸ் உடைந்து கிடக்கிறது. நானே குனிந்து தடவிப் பார்த்தேன். அது எப்படி உடைந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சபரீஷ் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். போன தை மாதம் அவன் அப்பா காளிச்சாமி தவறிப்போனார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த மனிதர். காலையில் தீவனம் போட்டவர் மத்தியானம் இல்லை. ஊரே அழுதது, இவன் அழவில்லை. கொள்ளி வைத்தபோதும் அழவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அவர்களுக்கு என்ன, வாய் சும்மா இருக்குமா? அவனுக்கு உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். சோறு உண்டான், வேலைக்குப் போனான், வந்தான்.

"ஏனுங்க, ஒருக்கா அழுதுபோடுங்களேன்" என்பாள் மனைவி லோகப்பிரியா.

"வர மாட்டீங்குது லோகா" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் எவனோ வெளிநாட்டுக்காரன் வீட்டுக் கொல்லையில் இரும்பு காய்ச்சிக் கத்தி அடிப்பதைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, நாமும் அடிக்கலாம் என்று இறங்கிவிட்டான். புதிதாக வாங்கினால் கட்டுபடியாகுமா? லாரியின் பழைய பிரேக் டிரம் உலையாயிற்று. கொட்டாங்கச்சிக் கரி எரிபொருள். லோகப்பிரியாவின் பழைய ஹேர் டிரையர்தான் துருத்தி. தலைமுடி காய்ந்துகொண்டிருந்த காற்றில் இரும்பு காய்ந்தது. அவள் சிரித்தாளே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புருஷன் எதிலாவது மனசு வைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

இரும்பை வைத்து அடிக்கப் பட்டடை வேண்டுமே? உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அப்துல் நாசர், மூடிப்போன மில் ஒன்றின் தள்ளுவண்டித் தண்டவாளத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். கொசுறாக ஒரு சின்னச் சுத்தியலும் தந்தார். பிடி வேர்வை குடித்துக் கறுத்திருந்தது.

"இதையும் வெச்சுக்கோங்க தம்பி. சும்மாதான் கெடக்குது."

கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பட்டறை போட்டான். வீடியோவில் பார்த்த ஒரு பழக்கம் அவன் கையில் ஒட்டிக்கொண்டது. இரும்பில் ஓர் அடி, அப்புறம் சுத்தியலால் வெறும் பட்டடையில் லேசாக ஒரு தட்டு. அடி, தட்டு. அடி, தட்டு. எதற்கென்று அவனுக்குத் தெரியாது. தாளம்போல நன்றாக இருந்தது.

வேலை முடிந்தால் சுத்தியலைப் பின்கதவோர ஆணியில் தொங்கவிடுவான். பட்டடை மேல் வைப்பதில்லை. ஆள் அத்தனை சுத்தம்.

முதல் வித்தியாசத்தை அவன் கண்டுகொள்ளவே இல்லை. லேசாகத் தட்டினாலும் இரும்பு நசுங்கியது. தட்டியதும் ஒரு மூச்சு நேரம் கழித்துத் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. கால் வரை அதிர்ந்தது. கல் குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். மதுக்கரையில் அது புதுசா என்ன?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை குவாரியில் வேலை கிடையாது.

லோகப்பிரியா வீட்டுக்குள் ஆரி எம்பிராய்டரி போடுகிறவள். கல்யாண ரவிக்கைகளுக்குக் கல்லும் ஜரிகையும் வைத்து ஊசியால் கோப்பாள். அவள் கை விரல்தான் வீட்டுக்கு இன்னொரு சம்பளம். அவள்தான் முதலில் கேட்டாள்.

"யாருங்க வந்திருக்கறது?"

"யாருமில்லையே."

"கண்ணாடி வளையல் சத்தம் கேட்டுதே."

அவனுக்கும் கேட்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு, அந்தத் 'தொம்'முக்கு முன்னால், முதுகுக்குப் பின்னால்... சலங்... யாரோ கையைத் தலைக்கு மேலே தூக்குவது போல. பயம் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. பயமும் மரத்துப் போயிருந்தது.

அடுத்த வாரம் அவளுடைய எம்பிராய்டரிச் சட்டத்துக்கு ஒரு கொக்கி அடித்துக்கொண்டிருந்தான். அவள் டீயோடு வந்தாள்.

"இந்த அகலம் இருந்தா போதுமுங்க" என்று கவரிங் வளையல் ஒன்றைக் கழற்றிப் பட்டடை மேல் வைத்தாள். அது உருளாமல் விரலால் பிடித்துக்கொண்டாள்.

அவன் எங்கேயோ பார்த்தபடி, பழக்கதோஷத்தில், வளையல் ஓரமாக ஒரு தட்டுத் தட்டினான்.

சலங்...

பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று அவள் சட்டென்று திரும்பினாள். கை விலகியது.

தொம்!

டீ கிளாஸ் கவிழ்ந்தது. பட்டடை மேல் வளையல் இல்லை. வளையல் கிடந்த இடத்தில் காகிதம் போலத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது.

அவள் தன் கையையே பார்த்தாள். "என் விரலு அங்கதானுங்க இருந்துச்சு..."

அவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என் கை போயிருந்தாக்கூட இப்படியேதான் நின்னிருப்பீங்களா?"

"தெரியல லோகா" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். அவளுக்கு அந்தத் தகட்டைவிட அந்தப் பதில்தான் பயமாக இருந்தது. மிச்ச வளையலையெல்லாம் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். அந்த இரும்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் இனி வீட்டில் மற்ற பேச்சு என்றாள்.

சனிக்கிழமை காலை தண்டவாளத் துண்டை ஸ்கூட்டரில் கட்டி எடுத்துக்கொண்டு உக்கடம் போனான். அப்துல் நாசர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. முகம்தான் வெளுத்துவிட்டது.

"தண்டவாளத்தை எதுக்குத் தம்பி கொண்டாந்தீங்க? இது மில்லுல ஓடினது. இதுல ஒண்ணுமில்லைங்க."

"அப்புறம்?"

"அந்தச் சுத்திதான் பட்டறையில இருந்து வந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு கொல்லருங்க. அவரு இரும்பைப் புடிச்சுக்குவாரு, சம்சாரம் சம்மட்டி அடிக்கும். அவரு சின்னச் சுத்தியில எங்க தட்டறாரோ, அங்க அந்தம்மா அடி விழும். நிறுத்தோணும்னா சுத்தியைப் படுக்கப் போட்டு ஒரு இழுப்பு இழுப்பாரு. கரகரன்னு சத்தம் கேட்டா சம்மட்டி எறங்கீரும்."

"சரிங்க..."

"ஒரு நாள் தட்டிட்டு இருக்கறப்பவே நெஞ்சு அடைச்சுப் போச்சுங்க. இழுக்கலை. விழுந்துட்டாரு." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. "ஆமா, சுத்தி எங்க தம்பி?"

பின்கதவு ஆணியில்.

சபரீஷ் போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேனுங்க, சொல்லுங்க. சட்னிக்குத் தேங்காய் உடைக்கிறேன்."

"எதுல உடைக்கிற?"

"அருவாளைக் காணோம். உங்க சுத்தி தொங்கிட்டிருந்துச்சு, எடுத்துட்டேன்."

"தேங்காய் எங்க இருக்குது?"

"உள்ளங்கையிலதான். வேற எங்க வெச்சு உடைப்பாங்க?"

டொக்.

போனில் அந்தத் தட்டு அவனுக்குக் கேட்டது.

அப்புறம்...

சலங்...

அவள் கையில்தான் வளையலே இல்லையே.

"லோகா! கீழ போடு! கையை எடு! கையை எடுடீ!"

அந்தக் குரல் அவனுடையதுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தொம்!

"லோகா?"

சத்தமில்லை.

"லோகா!"

"...இருக்கேனுங்க." மூச்சு வாங்கியது. "தேங்காயைக் கீழ போட்டுட்டேன். இப்ப அதைக் காணோமுங்க. மாவாட்டம் கெடக்குது, தரை டைல்ஸும் உடைஞ்சுபோச்சு. யாரோ... பக்கத்துல..."

சலங்... சலங்...

அடுத்த தட்டுக்குக் காத்துக்கொண்டு.

"சுத்தியை மேடை மேல படுக்கப் போடு. தட்டிராத. படுக்கப் போட்டு இழு."

கர்ர்ர்...

கனமான எதையோ ஒரு பொம்பளை மெதுவாகத் தரையில் இறக்கி வைக்கிற சத்தம் போனில் வந்தது. ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

சபரீஷ் அப்படியே பழைய இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான். அழ ஆரம்பித்தான். மனைவிக்காக ஆரம்பித்த அழுகை எப்போது "அப்பா, அப்பா" என்று மாறியதோ தெரியாது. அப்துல் நாசர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

மறுநாள் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து சுத்தியலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு வந்தார்கள். கடையில் வைக்க மாட்டேன், அவிநாசிக்கே கொண்டுபோய் அந்தக் கொல்லரைப் புதைத்த குழி மேட்டில் படுக்க வைத்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டார். லோகப்பிரியா நல்ல மனசுக்காரி. அவள் ஆறுதலாக ஒன்று சொன்னாள்.

"ரெண்டு தடவையும் எம்மேல அடி படலைங்க. அந்தம்மா என் கையைப் பார்த்துட்டு ஒரு நிமிசம் நின்னிருப்பாங்க. நல்ல மனசு."

அப்துல் நாசர் கையிலிருந்த துணி மூட்டையின் முடிச்சை இறுக்கினார்.

"பார்த்திருக்க முடியாதும்மா" என்றார். "உலை வெளிச்சத்துல அவங்களுக்கு ரெண்டு கண்ணும் எப்பவோ போயிருச்சு. காதை வெச்சுத்தான் அடிப்பாங்க. அவரு தட்டின இடத்துல அடி விழும், ஒரு நூல் விலகாது."

மூட்டையைத் தரையில் மெதுவாகப் படுக்க வைத்தார்.

"அன்னைக்கு அவரு தட்டிட்டு, பட்டடை மேலதாம்மா விழுந்தாரு."