தேங்காய் எண்ணெயும் பித்தளைக் கூடும்

அத்தை துப்பாக்கி சுடுவாள் என்பதை எங்கள் வீட்டில் வெளியாட்களிடம் சொல்வதில்லை. டெக்ஸஸில், ஆலன் நகரத்தில் எங்கள் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கொலுவுக்கோ பிறந்தநாளுக்கோ வந்து விசாரித்தால், "ஹாஸ்பிடல்ல ஃபார்மசிஸ்ட்டா இருக்கா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். திருச்சியில் கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் சேர்ந்து, படுத்தபடி குறிபார்த்துச் சுட்டுப் பதக்கம் வாங்கியவள். அப்புறம் கல்யாணம், விசா, வேலை, விவாகரத்து என்று வரிசையாக வந்து துப்பாக்கியை மறக்கடித்துவிட்டன. டெக்ஸஸ் வந்த பிறகு ஒருநாள் உடன் வேலை பார்க்கிற பெண் அவளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அத்தை சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் அம்மா ஒன்றும் சொல்லாமல் விட்டாள் என்று நினைக்கிறேன்.

அதற்காக அம்மா சட்டம் போடாமல் விடவில்லை. துப்பாக்கி மாடியில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். வெடிமருந்தை வெளியே எடுக்கும் நாளில் நான் கராஜ் பக்கமே போகக்கூடாது. வெறும் பித்தளையோடு வேலை நடக்கும் நாளில் மட்டும் போகலாம். எனக்கு ஒன்பது வயது. வாரம் முழுவதும் அந்தப் பித்தளை நாளுக்காகத்தான் காத்திருப்பேன்.

அத்தை தன் தோட்டாக்களைத் தானே செய்துகொள்வாள். கடையிலேயே பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறபோது இது என்ன வீண் வேலை என்று அப்பா கேட்டதற்கு, "கடைத் தோட்டா ரெடிமேட் சட்டை மாதிரிண்ணா. இது என் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைச்சது" என்றாள். சுட்டு முடித்த பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டை மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் வெடிக்கும்போது அதன் வயிறு கொஞ்சம் உப்பிவிடும். கூட்டை ஒரு பிரஸ்ஸில் பொருத்திக் கைப்பிடியை இறக்கினால், அது மேலே இருக்கிற எஃகு அச்சுக்குள் நுழைந்து பழைய அளவுக்கு ஒடுங்கி வெளியே வரும். இதில் ஒரே ஒரு அபாயம்தான். கூட்டின் மேல் மெழுகு தடவாவிட்டால் அது அச்சுக்குள் இறுகிப்போய் வரவே வராது. அதற்கென்று ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் மெழுகு வைத்திருந்தாள். விரல் நுனியில் தொட்டு, கண்மை இடுகிற அளவுக்குக் கூட்டின் உடம்பில் மட்டும் தடவ வேண்டும். "இறுக்கமா இருந்தா அமுக்கக் கூடாது. நிறுத்திட்டு, வெளிய எடுத்து, இன்னும் கொஞ்சம் தடவணும்." இதை அவள் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகியிருந்தது.

அந்தப் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. அத்தை அதற்காக மாதக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் ஆள் போதாமல் அவளை இரவு டியூட்டிக்குப் பிடித்துவைத்துவிட்டார்கள். கூடுகள் எல்லாம் கழுவி, காய்ந்து, தட்டில் அப்படியே கிடந்தன. சாயங்காலம் அப்பா கராஜுக்கு வந்து அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவருக்குத் தங்கைப் பாசம் பொங்கிவிட்டது.

"பாவம், அவ வந்து எப்பப் பண்ணுவா? நாமளே முடிச்சு வெச்சிடலாம்."

"அப்பா, வாக்ஸ் காலி. அத்தை வரும்போது வாங்கிட்டு வருவாங்க."

"மெழுகு என்ன, எண்ணெய் என்ன, வழுக்கினா சரிதானே?" என்று உள்ளே போனார்.

கொண்டுவந்தது தேங்காய் எண்ணெய் பாட்டில். குளிருக்கு அது வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. அதை மைக்ரோவேவில் வைத்து உருக்கி, ஒரு கூட்டை எடுத்து, என் தலையில் தேய்க்கிற மாதிரியே தாராளமாகத் தேய்த்தார். முதல் கூடு முனகிக்கொண்டே உள்ளே போய் முனகிக்கொண்டே வெளியே வந்தது. அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். இரண்டாவது பாதியில் நின்றது.

"அப்பா, ஸ்டாப்! டைட்டா இருந்தா அமுக்கக் கூடாது!"

"ஒண்ணும் ஆகாது, நீ தள்ளி நில்லு."

இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து உடம்பின் முழுக் கனத்தையும் அதில் இறக்கினார். கூடு உள்ளே போய்விட்டது. வெளியே இழுக்கக் கைப்பிடியைத் தூக்கினார். அசையவில்லை. காலை மேசையில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். கீழே இறங்கி வந்தது கூடு அல்ல; அதன் அடி விளிம்பின் ஒரு துணுக்கு மட்டும். மிச்சம் அச்சுக்குள் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அப்பா அந்தத் துணுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனார். அன்று குப்பை எடுக்கும் நாளே இல்லை.

காலையில் அத்தை வந்ததும் கராஜுக்குள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன இது, தேங்காய் எண்ணெய் வாசனை?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார். அத்தை அச்சை நிமிர்த்திப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைகளுக்கெல்லாம் போன் பண்ணினாள். அந்த அளவு அச்சு பக்கத்தில் எங்கும் இல்லை. வரவழைத்தால் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். "கடைத் தோட்டா வெச்சு..." என்று அப்பா ஆரம்பித்து, அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குளிர்ந்தால் எஃகைவிடப் பித்தளை அதிகமாகச் சுருங்குமாம். அச்சைக் கழற்றி ஒரு பையில் சுற்றி ஃப்ரீஸரில் உறைந்த பரோட்டாவுக்கும் துருவின தேங்காய்க்கும் நடுவில் வைத்தோம். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃப்ரீஸரைத் திறந்து பார்த்து, குளிரையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அம்மா கண்ணில் பட்டது.

"என் ஃப்ரீஸர்ல என்ன இது? கராஜ்ல இருந்து இங்கயும் வந்தாச்சா?"

அத்தை அச்சை எடுத்துக்கொண்டு போய், மேலிருந்து ஒரு தண்டை விட்டு சுத்தியலால் தட்டினாள். தண்டு வளைந்ததுதான் மிச்சம். அம்மா கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல அண்ணி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனாள்.

எதிர் வீட்டு அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். பம்புகள் செய்கிற கம்பெனியில் மெக்கானிக்கல் இன்ஜினியர். துளை போடும் மெஷினும் திருகுமரை வெட்டும் கருவிகளும் அடங்கிய நீலப்பெட்டியோடு வந்தார். அம்மா என்ன சொல்லி அழைத்து வந்தாளோ, கராஜ் வாசலில் வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது.

"துவக்கு எங்கை?" என்று கேட்டார்.

"துப்பாக்கி மாடில பூட்டி இருக்குண்ணா" என்றாள் அத்தை.

"இதுக்குள்ளை மருந்து ஏதும்?"

"இல்லண்ணா, வெறும் கூடு."

"வெறுங்கோதோ? அப்ப சரி" என்று உள்ளே வந்தார். கூட்டை அவர் கோது என்றது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று முழுக்கக் கோது கோது என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

பிறகு நடந்தது ஓர் ஆபரேஷன். அச்சைப் பட்டறைக் கவ்வியில் தலைகீழாக இறுக்கினார். கூட்டின் அடியில் நடுவாகத் துளை போட்டார். பித்தளைச் சுருள்கள் பொன் தலைமுடி மாதிரி விழுந்தன. அந்தத் துளைக்குள் மரை வெட்டினார். அப்பாவின் ஸ்பேனர் செட்டிலிருந்து ஒரு சாக்கெட்டை வாங்கிக் கூட்டைச் சுற்றித் தொப்பி மாதிரி கவிழ்த்து, மேலே ஒரு வாஷர் வைத்து, போல்ட்டை உள்ளே விட்டுத் திருகினார். போல்ட் திரும்பத் திரும்பக் கூடு மேலே ஏறி வர வேண்டும் என்பது கணக்கு. நாங்கள் நால்வரும் மூச்சுவிடாமல் குனிந்து பார்த்தோம். அம்மாவின் தலை எல்லாருக்கும் முன்னால் இருந்தது.

"வருது! வருதுண்ணா!" என்று கத்தியது அம்மாதான்.

"அவசரப்படக் கூடாது" என்ற அங்கிள் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "பிள்ளை, கடைசிச் சுத்து நீங்கள் சுத்துங்கோ. மெல்லமா."

சுற்றினேன். முதலில் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். டொப்! கூடு துள்ளி வெளியே வந்து தரையில் உருண்டது. நான் குதித்தேன். அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அச்சின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. அப்பா முன்னால் வந்து அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் அங்கிள் தட்டிலிருந்து கழுவின கூடு ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கீழுதட்டில் வைத்து ஊதினார். கீச்சென்று ஒரு விசில்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அங்கிள்! இது எப்படித் தெரியும்?"

"சின்னனிலை நாங்கள் இதுகளைப் பொறுக்கிச் சேர்த்தனாங்கள், பிள்ளை."

"ஃப்ரீயாவா? எங்க இருந்து?"

"வீட்டு வளவுக்குள்ளை, பள்ளிக்கூட மைதானத்திலை, எல்லா இடமும் கிடக்கும். ஆரிட்டைக் கூடக் கிடக்கெண்டு எங்களுக்குள்ளை போட்டி."

அத்தை ஒவ்வொரு கூட்டையும் பொன் மாதிரி பொறுக்கிப் பத்திரப்படுத்துகிறாள். இவருக்கோ வாசலிலேயே கொட்டிக் கிடந்திருக்கிறது! எனக்கு ஒரே பொறாமை. அம்மா, "காப்பி போடறேண்ணா" என்று உள்ளே போனாள். அத்தை ஏனோ தட்டை மூடினாள்.

"நாளைக்கு மேட்ச்சுக்கு நீங்களும் வாங்க அங்கிள்" என்றேன்.

"எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது, பிள்ளை."

"இயர் மஃப் இருக்கு அங்கிள்! அதை மாட்டினா ஒண்ணுமே கேக்காது."

"அப்பிடியோ?" என்று சிரித்தார்.

அன்று மத்தியானம் புது மெழுகு டப்பாவைத் திறந்து வேலையை ஆரம்பித்தோம். நான் தடவ, அத்தை கைப்பிடியை இறக்க, ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல உள்ளே போய் வந்தது. அப்பா பிராயச்சித்தமாகத் தானும் தடவ உட்கார்ந்தார். பயத்தில் மெழுகை அப்பிவிட்டார். அந்தக் கூட்டின் கழுத்தையொட்டிய தோளில் ஒரு குழி விழுந்துவிட்டது. குறைந்தாலும் கஷ்டம், கூடினாலும் கஷ்டம். அவரைத் துடைக்கிற வேலைக்கு மாற்றினோம். வெடிமருந்து எடுக்கும் நேரம் வந்ததும் அம்மா என் காதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் காற்று ஊசியாகக் குத்தியது. அத்தை பாயில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்துக்கொண்டாள். தூரத்தில் குறி ஒரு மிளகளவுதான் தெரிந்தது. ஒவ்வொரு தோட்டா போனதும் அப்பா தொலைநோக்கியில் பார்த்து, "நடுவுல! நடுவுலயே!" என்று கத்தினார். மேற்பார்வை பார்த்தவர் வந்து அவரை அதட்டினார். அடுத்த தோட்டாவுக்கு இன்னும் பலமாகக் கத்தினார். துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கிற அம்மா காதுகளை இறுக்கி மூடிக்கொண்டு, உதட்டில் ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தைக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் வாங்கிய வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி அவளிடம் கை கொடுத்தார். நாங்கள் முதலிடம் வந்தவர்களைவிட அதிகமாகக் கூத்தாடினோம்.

போட்டி முடிந்து எல்லாரும் கலைந்தபோது, யாரும் எடுக்காமல் விட்டுப்போன கூடுகள் சரளையில் மின்னிக்கொண்டு கிடந்தன. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார்கள். என் புதுத் தொப்பியைக் கழற்றி, பெரிதும் சிறிதுமாக விளிம்பு வரை நிரப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே எதிர் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தது அங்கிள்தான்.

"அங்கிள், இது உங்களுக்கு! இனிமே உங்க கிட்டதான் நிறைய!"

அவர் தொப்பிக்குள் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. நான் போட்டியை முழுவதும் சொன்னேன். அத்தை எப்படிப் படுத்தாள் என்பதை அவர் வீட்டு வாசலிலேயே குப்புறப் படுத்துக் காட்டினேன். டுமீல் டுமீல் என்று ஒவ்வொரு வெடியையும் வாயாலேயே வெடித்தேன். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "அத்தை வெண்டிட்டாவோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஜெயிச்சாச்சு! செகண்ட் அங்கிள்!"

"நல்லது பிள்ளை. நல்லது."

அன்றைக்குக் கொடுக்கப்பட்டதிலேயே சிறந்த பரிசை நான்தான் கொடுத்தேன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்து, சமையலறையில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தாள். "எதைக் கொடுத்தே?" என்று இன்னொரு முறை கேட்டாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அந்தக் குளிரில் ஸ்வெட்டர்கூடப் போடாமல் தெருவைக் கடந்து போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். அங்கிள் இன்னும் தொப்பியைப் பிடித்தபடியே வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

புதுத் தொப்பியைத் திருப்பிக் கேட்கத்தான் அம்மா போயிருக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.