செவலையின் கொம்பு

நான் மூணாவது படித்த வருஷம். வடக்குப்பட்டில் அப்போது கம்பெனி எதுவும் கிடையாது. நிலம் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கழனி பொது. ஏர் மாடும் பொது.

மாட்டுப் பொங்கல் நெருங்கிய நேரம். மேயப் போன செவலை ஒத்தைக் கொம்போடு வந்தது. முகமெல்லாம் ரத்தம். கொம்பு போன மாட்டை எவனும் மதிக்க மாட்டான்.

அப்பா மஞ்சள் வைத்துக் கட்டினார். பிறகு சித்தப்பா வீட்டுப் பக்கம் திரும்பி நின்றார்.

"இது தானா ஒடியல. எவனோ அடிச்சிகீறான். எவன்னு எனக்குத் தெரியும்."

சித்தப்பா வெளியே வந்தார். "இன்னாண்ணா, என் ஏர் மாட்டை நானே அடிப்பனா?"

"அடிப்பே. என்னைப் பாத்து ஊரு சிரிக்கணும் உனக்கு."

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சித்தப்பா செவலைக்கு வைத்த தவிட்டுத் தண்ணியை அப்பா மோந்து பார்த்துக் கீழே கொட்டினார்.

அக்கா படப்பையில் ஹைஸ்கூல். சாப்பிடும்போது சொன்னாள். "இங்கிலீஷ்ல ஸ்கார்ன்னு ஒரு வார்த்தைப்பா. இளக்காரம்னு அர்த்தம். மாட்டுக் கொம்பை ஒடிக்கிறதுலேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

அப்பா கை நின்றது. "நம்ம மாட்டு விஷயத்தை டீச்சர்கிட்ட யார் சொன்னது?"

"வெள்ளைக்காரன் சொன்னதுப்பா."

"அவனுக்கு யார் சொன்னது?"

மறுநாள் நான் கொம்பைத் தேடிப் போனேன். ஏரியோரம் எங்கள் மேட்டு நிலம் ஒரு துண்டு சும்மா கிடக்கும். அங்கே புதுசாக சிமெண்டுக் கல் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. கம்பியில் காய்ந்த ரத்தம். கீழே கொம்பு.

எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அப்பாவும் சித்தப்பாவும் அவரவர் வாசலில் இருந்தார்கள்.

"யாரும் அடிக்கலப்பா! நம்ம மேட்டுல கல்லு நட்டு கம்பி போட்டுகீறாங்க. அதுல மாட்டி ஒடிஞ்சிகீது."

"நம்ம மேட்டுலயா?" என்றார் சித்தப்பா. "யார்ண்ணா நட்டது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார்.

சித்தப்பாவுக்குத் தெரியாமல் அந்த மேட்டு நிலத்தை அப்பா புரோக்கரிடம் விலை பேசி முடித்திருந்தார். எனக்கு அது தெரிய வருஷங்கள் ஆயின.

சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த கொம்பை வாங்கி, அப்பா காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். பொங்கலுக்கு இந்தக் கொம்புக்கும் வர்ணம் அடிக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன்.