நாற்பத்தொரு பூட்டிய கதவுகள்

வீட்டுவசதித் துறையின் கணக்கெடுப்பாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘ரசீது’. எந்தத் தாளை யாரிடம் கொடுத்தாலும், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்காமல் இடத்தைவிட்டு நகரமாட்டார். பள்ளியிறுதியோடு படிப்பு நின்றவர். துறையின் விதித்தொகுப்புகள் ஆறையும் எவர் உதவியுமின்றித் தாமே படித்துத் தேறியவர். மனைவி மறைந்து, மகளும் வெளிநாட்டில் குடியேறிய பின், அவரது இரண்டு அறை வீட்டில் ஆண்டுவாரியாகக் கட்டிவைத்த கோப்புகளே மிஞ்சியிருந்தன.

அவற்றுள் ஒன்று, பதினோரு ஆண்டுகளாக அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

கால்வாய்க்கரைக் குடிசைகளுக்குப் பதிலாக அடுக்குமாடி கட்டும் திட்டத்துக்கு வீடுவீடாகப் போய் ஆள் கணக்கு எடுத்தவர் அவர்தான். ஆள் இருந்த கதவில் சுண்ணக்கட்டியால் எண் எழுத வேண்டும். மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் பெருக்கல் குறி. குறி விழுந்த வீடு காலி வீடு. போனதோ அலுவலக நேரத்தில். அந்நேரத்தில் அங்குள்ளவர்கள் பட்டறைகளிலும் பிறர் வீடுகளிலும் வேலையில் இருப்பார்கள். நாற்பத்தொரு கதவுகளில் பெருக்கல் விழுந்தது. ‘இவ்வீடுகளில் ஆள் உண்டு, மாலையில் மீண்டும் பார்க்க அனுமதி வேண்டும்’ என்று குறிப்பெழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார், நகலில் கையெழுத்தும் வாங்கினார். மேலே போனது பட்டியல் மட்டும்தான். விடுபட்டவர்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டபோது பழி அவர் தலையில் விழுந்தது. பதவி உயர்வு நின்றது. நகலை இணைத்து அவர் அனுப்பிய மேல்முறையீடு, விசாரணைக்கு வராமலே கிடந்தது.

அவர் ஓய்வுபெற மூன்று வாரம் இருக்கையில் கட்டடம் ஒருவழியாக முடிந்தது. கண்காணிப்பாளர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

“சார், அந்த நாற்பத்தொரு குடும்பத்தையும் சேர்க்க ஒரே வழிதான் இருக்கு. கணக்கெடுத்தவரோட பிழைன்னா நானே ஒரு வாரத்துல திருத்திடுவேன். மேலதிகாரி குறிப்பை மறைச்சார்னா விசாரணை வைக்கணும். அது முடியறதுக்குள்ள வீடெல்லாம் வேற ஆளுங்களுக்குப் போயிடும்.”

“அப்ப பிழை என்னோடதுன்னு நான் எழுதித் தரணும்.”

“தந்தா உங்க மேல்முறையீடு அதோட போச்சு. நான் வற்புறுத்தல.”

“விதியை நாலு தடவை பாத்துட்டேன் மேடம். வேற ஓட்டை இல்ல.”

“உங்க கண்ணுக்கே தெரியலன்னா நிஜமாவே இல்ல,” என்றார் கண்காணிப்பாளர்.

மகளிடம் சொல்லலாமென்று தொலைபேசியை எடுத்தார். “மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்.” அன்று அழைப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, விடுபட்டவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த இடத்துக்குப் போனார். துணி தேய்க்கும் பெண்மணி பெட்டியைக் கீழே வைக்காமலே வரவேற்றார்.

“வாங்க பெருக்கல் சார். இன்னைக்கு உள்ளதான் இருக்கேன். சந்தேகமா இருந்தா ரெண்டு தடவை எண்ணிக்குங்க.”

“வீட்ல எத்தனை பேரும்மா?”

“அன்னைக்கும் நாலு, இன்னைக்கும் நாலு. உங்க சுண்ணக்கட்டிக்குத்தான் கண்ணு தெரியல.”

நகல் அவருடைய பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் ஒருவருக்காவது உண்மை தெரியும். காட்டிவிட்டால் நாளைக்குக் கையெழுத்துப் போட மனம் வராது என்பதும் அவருக்குத் தெரியும். நால்வரின் பெயர்களையும் சரியாக எழுதிக்கொண்டு அடுத்த கொட்டகைக்கு நடந்தார்.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தார்: ‘பிழை என்னுடையது.’

சாவி வழங்கிய அன்று அவர் பணியில் இல்லை; ஓய்வுபெற்று ஆறு நாள் ஆகியிருந்தது. அழைப்பும் இல்லை. ஆயினும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாற்பத்தொன்றையும் விரல்விட்டு எண்ணி முடித்து எழுந்தபோது, தேய்க்கும் பெண்மணி சாவியை முந்தானையில் முடிந்தபடி பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது காதில் விழுந்தது.

“அந்தா போறார் பாரு, அவர்தான் அன்னைக்கு நம்மள விட்டவர். பாவம், கடைசில தப்பை ஒத்துக்கிட்டாராம்.”

“அதுக்கே பதினோரு வருஷமா?”

அவர் திரும்பவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எந்த வழி கிட்டம் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு நடந்தார்.