நான்கு அறை வீட்டுக்கு ஒரு விதிவிலக்கு

பெயர்: ட்ரூடி அம்ஸ்லர். பிறப்பு: 9 மார்ச் 1948, சூரிக். பணி: நகர டிராம் ஓட்டுநர், 1978 முதல் 2012 வரை. முகவரி: வீசன்ராய்ன் கூட்டுறவுக் குடியிருப்பு, முதல் மாடி, நான்கு அறை வீடு, 1979 முதல். கணவர்: ஹான்ஸ்பேட்டர், தச்சர், மறைவு 2016. மகள்: கொரினா, பாசல் நகரில் வசிக்கிறார்.

எங்கள் குடியிருப்பில் ட்ரூடியின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது டிராம் அல்ல, 1998ஆம் ஆண்டின் விதி. அப்போது நகரத்தில் வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. மருத்துவமனைச் செவிலியரும் பள்ளிச் சமையல்காரரும் வெளியூர்களுக்குக் குடிபெயர்ந்து, விடியுமுன் ரயிலேறி வேலைக்கு வந்தார்கள். அவர்களைத் தன் டிராமில் நாள்தோறும் ஏற்றிச் சென்றவர் ட்ரூடி. அதே நகரத்தில், எங்கள் கூட்டுறவின் பெரிய வீடுகள் பலவற்றில் ஒருவர் மட்டுமே இருந்தார். புதிதாகக் கட்டுவதற்கு நிலம் இல்லை. ஆகவே நிர்வாகக் குழு உறுப்பினரான ட்ரூடி, நான்கு அறை வீட்டில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்றும், தனித்துப் போனவர் மூன்று ஆண்டுகளுக்குள் சிறிய வீட்டுக்கு மாற வேண்டும் என்றும் ஒரு விதியை முன்மொழிந்தார். கடும் வாக்குவாதத்துக்குப் பின் அது நிறைவேறியது.

அவ்விதியின்படி முதலில் வீடு மாறியவர் எழுபத்திரண்டு வயதான பெர்த்தா கேல். காலியாக இருந்த இரண்டு அறை வீடு நான்காம் மாடியில், மின்தூக்கி கிடையாது. அவருடைய மகன் ஏர்வின், குழாய்ப் பணியாளர், எங்கள் குடியிருப்பிலேயே வேறொரு வீட்டில் வசிப்பவர், அதன்பின் ஆறு ஆண்டுகள் ட்ரூடியிடம் பேசவில்லை. ட்ரூடி ஓட்டிவரும் டிராம் நிறுத்தத்துக்கு வந்தால் ஏறமாட்டார். அடுத்ததற்காக மழையிலும் நிற்பார். ட்ரூடியும் சளைத்தவர் அல்லர். அவரைக் கடக்கும்போதெல்லாம் ஒருமுறை மணியடித்துவிட்டுத்தான் போவார்.

ஹான்ஸ்பேட்டர் இறந்தபின் அதே விதி ட்ரூடியின் கதவுக்கு வந்தது. 2019இல் கெடு முடிந்தது. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீடு. அலமாரிகள், ஜன்னலோர இருக்கை, சமையலறை மேசை எல்லாம் கணவர் கைப்படச் செய்தவை. போக அவருக்கு மனமில்லை. கொரினா தொலைபேசியில் ஒரு வழி சொன்னார்.

"என் பேர அந்த முகவரியில பதிஞ்சிடும்மா. நான் பாசல்ல இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே. இந்த மாதிரி ஆளுங்களப் பிடிக்கத்தான் வீட்டுக்கு வந்து பாக்கலாம்னு விதியில நானே எழுதி வெச்சேன். நானே வந்து என்னையே பிடிக்கணுமா?"

ட்ரூடி மாறினால் அந்த வீட்டுக்கு வரவேண்டியவர்கள், பெரிய வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ப்லெரினா, ஆர்பெர் தம்பதியர். தரைத்தளத்தில் இரண்டு அறைகளில் மூன்று பிள்ளைகளோடு இருந்தார்கள். ப்லெரினா ஒருநாள் படிக்கட்டில் ட்ரூடியை நிறுத்தி, தங்களுக்காகப் போக வேண்டாம், வேறு வீடு கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்வோம் என்று சொன்னதாகத் தெரிகிறது. ட்ரூடி அதற்கு நன்றி மட்டும் சொல்லியிருக்கிறார்.

நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: இருபத்து நான்கு ஆண்டு நிர்வாகப் பணியைப் பாராட்டி, ட்ரூடி அம்ஸ்லருக்கு மட்டும் ஆயுள் முழுதும் விதிவிலக்கு. மே மாதப் பொதுக்கூட்டத்தில் தலைவர் ரேகுலா அதை வாசித்து முடித்ததும் ஏர்வின் எழுந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அனைவரும் முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். எல்லோர் கணக்கும் தவறியது.

"இவ போட்ட விதியாலதான் எங்கம்மா நாலு மாடி ஏறினாங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. அதுக்காக இவளையும் கிளப்பிவிட்டா அது தீந்திடுமா? இருந்துட்டுப் போகட்டும்."

கைதட்டல் எழுந்தது. ட்ரூடி அது அடங்கும்வரை காத்திருந்து எழுந்தார்.

"எனக்குப் போக இஷ்டமில்ல. அத மறைச்சுப் பேச மாட்டேன். ஆனா ஏர்வின், உங்கம்மாவுக்கு நான் விலக்கு குடுக்கல. இன்னைக்கு எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிட்டா, அன்னைக்குப் போட்டது விதியே இல்ல, உங்கம்மாவுக்குக் குடுத்த தண்டனைன்னு ஆயிடும். அதனால எல்லாரும் இத எதிர்த்து ஓட்டுப் போடுங்க."

"அப்போ வீம்புக்குப் போறேங்கிற," என்றார் ஏர்வின்.

"என்னவோ சொல்லிக்கோ. உன் வண்டி இன்னும் ஓடுதில்ல? சாமான் ஏத்த சனிக்கிழம கொண்டு வா. வழக்கம்போல நாலு டிராம விட்டுட்டு லேட்டா வந்தாலும் பரவாயில்ல."

மண்டபம் சிரித்தது. ஏர்வினும் சிரித்தார், ஆனாலும் வாக்களிக்கத் தந்திருந்த மஞ்சள் அட்டையை விதிவிலக்குக்கு ஆதரவாகவே உயர்த்தினார். அப்படி உயர்த்தியவர்கள் முப்பத்தொருவர். எதிர்த்தவர்கள் நூற்று நாற்பத்தெட்டு. ஒருவரை வெளியேற்ற அல்ல, அவர் சொல்லைக் காப்பாற்ற அத்தனை கைகள் உயர்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சனிக்கிழமை ஏர்வின் வண்டியோடு வந்தார். ஹான்ஸ்பேட்டர் செய்த பெரிய அலமாரி புதிய வீட்டின் வாசலில் நுழையவில்லை. "உன் புருஷன் அளந்து பாக்காமலா செஞ்சான்?" என்று கேட்டபடியே அதைத் திரும்ப முதல் மாடிக்குத் தூக்கிச் சென்றார். அலமாரி அங்கேயே இருக்கிறது. ப்லெரினாவின் பிள்ளைகள் மூவரின் துணிகளும் அதில் அடங்குகின்றன. ட்ரூடி பக்கத்துக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், இரண்டு அறைகளில் இருக்கிறார். முதல் வாரம் இருமுறை பழைய கதவில் சாவியை நுழைத்துப் பார்த்தாராம். கேட்டால், பூட்டு சரியாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று சோதித்ததாகச் சொல்கிறார்.

எங்கள் குடியிருப்பில் அதன்பின் யாரும் விதிவிலக்கு கேட்கவில்லை.

வீசன்ராய்ன், 1998 டிசம்பர்: வீடுகள் 214, குடியிருப்போர் 391. 2019 டிசம்பர்: வீடுகள் 214, குடியிருப்போர் 562.