விழுந்த மரத்துக்கு ஆறு வாரம்

என் மகள் பிறந்த பதினோராம் நாள் என் வீட்டுக்காரரைப் பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது.

நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அது ஆடிக் காற்று வீசும் காலம். மூன்று நாளாக மழை விடவில்லை. லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த ஒற்றை அறை, அந்தக் காம்பராவுக்குள் அடுப்பு எரியாவிட்டால் பச்சைப் பிள்ளை தாங்காது. அடுக்கி வைத்திருந்த விறகெல்லாம் ஈரம் ஏறிப் புகைந்துகொண்டிருந்தது. ஆற்றோரத்தில் ஒரு டர்பன்டைன் மரத்தைக் காற்று சாய்த்துப் போட்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அந்த மரம் பச்சையாக இருந்தாலும் எண்ணெய் ஓடும், நெருப்பு பிடிக்கும். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கட்டு வெட்டித் தோளில் வைத்து வந்தார். வழியில் காவல்காரன் பார்த்துவிட்டான்.

அந்தத் தோட்டத்தில் லொறி வைத்து மரம் கடத்துகிறவர்கள் இருந்தார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவர்களைத் தொட முடியாத ஆத்திரம் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு. யாராவது ஒருவரைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அவர் கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். நாள் முழுக்க சேற்றில் நிற்கிற வேலை. அந்தியில் மலை ஊற்று வந்து விழுகிற பீலித் தண்ணீரில் அரை மணி நேரம் கால் கழுவுவார். பிறகு பிள்ளையின் துணியைக் கூடை மேல் விரித்து, கீழே தணலை வைத்துச் சூடு பண்ணி, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் என்னிடம் கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். சிரித்தால்கூடச் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருஷம்.

பொலிஸில் ஒரு ராத்திரி வைத்திருந்து வெளியே விட்டார்கள். வழக்கு ஒரு மாதம் கழித்து வந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் கோட்டுக்குப் போனேன். உள்ளே எல்லாம் இங்கிலீஷ். எங்கள் ஆட்களுக்குத் தமிழில் மாற்றிச் சொல்ல, முதலியார் என்று கூப்பிடுகிற ஒரு கோட்டு உத்தியோகத்தர் நின்றார். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"நீ குற்றவாளியா, சுற்றவாளியா?"

குற்றம் செய்யாதவரைக் கோட்டில் சுற்றவாளி என்பார்கள் என்று எங்கள் லயத்தில் யாருக்குத் தெரியும்? இவர் கொஞ்சம் யோசித்தார். வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறவனா என்று கேட்கிறார்கள் என நினைத்துக்கொண்டார்.

"சுத்துறவன் இல்லைங்க. தோட்டத்துல கான் வெட்டுறவன்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலியார் நீதவானிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நீதவான் தலை நிமிராமல் எழுதினார். காற்று சாய்த்த மரம் என்று சொல்வதற்கு இவருக்கு வாய்ப்பே வரவில்லை. தண்டப்பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு வாரம் உள்ளே இருக்க வேண்டும் என்று முதலியார் சொன்னார். எங்கள் கையில் இருந்தது பாதிகூடக் காணாது. முன்பணம் கேட்பதென்றால் துரையிடம்தான் கேட்க வேண்டும். வழக்குப் போட்டதே துரைதான்.

கூட்டிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து, "புள்ளைக்குக் காத்துப் படாம தூக்கிக்கிட்டுப் போ" என்றார்.

ஜெயில் கீழே, ரயிலில் இறங்கிப் போகிற தூரத்தில். அந்த ஆறு வாரத்தில் ஒரு தடவைதான் போக முடிந்தது. ஹட்டனில் ரயிலேறி, இடையில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தபோது கதவுக்கு வெளியே பெண்கள் நீள வரிசையாக நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு சிங்கள அம்மா, பக்கத்துக் கிராமம். சைகையும் பாதிப் பேச்சுமாகப் பேசிக்கொண்டோம். அவள் புருஷன் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாடு அறுத்தானாம். அவளுக்கு முன்னால் நின்றவளின் மகன் வண்டியில் விளக்கு இல்லாமல் போனவன், தண்டம் கட்ட முடியவில்லை. பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தியின் அண்ணன் வேலை மேற்பார்க்கிற கங்காணியை நெட்டித் தள்ளியவன். அந்த வரிசை முழுக்கக் காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன், கொலைகாரன் வீட்டுப் பெண் ஒருத்திகூட அன்றைக்கு அங்கே இல்லை. கையில் காசில்லாத வீட்டுப் பெண்கள்தான் நின்றோம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் மொட்டைத் தலையோடு வந்தார். சுற்றிலும் எல்லாரும் கத்திப் பேசியதால் நாங்களும் கத்த வேண்டியிருந்தது. எங்களுக்கோ அந்தப் பழக்கமே கிடையாது.

"அஞ்சாம் நம்பர் மலையில கான் அடைச்சிருக்குமே. யாரு வெட்டுறா?"

"யாரும் வெட்டலிங்க. நீங்க வந்துருவீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"புள்ள முழிச்சுப் பாக்குதா?"

வலைக்கு நேரே பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். அது தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஆறு வாரம் கழித்து வந்த அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். வேலையாட்களின் பேர்ப் பதிவான செக்ரோலில் பேர் வெட்டியாகிவிட்டது. வேலையிலிருந்து நிறுத்தியதற்கான பற்றுச்சீட்டு கையில். ஜெயிலுக்குப் போனவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. காம்பரா அவர் பேரில் இருந்ததால் அதுவும் போனது. நான் பிள்ளையோடு அடுத்த லயத்தில் என் அப்பா வீட்டுக்குப் போனேன். என் பேர் செக்ரோலில் இருந்ததால் எனக்குக் கொழுந்து எடுக்கும் வேலை நீடித்தது. அவர் ஹட்டன் கடைத்தெருவில் மூட்டை தூக்கப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு மத்தியானம் போவார். அப்படி நாலைந்து மாதம் போனது. என் ஆயுசில் அந்தச் சனிக்கிழமைகளை மட்டும் யாராவது திருப்பிக் கொடுத்தால் போதும் என்று பிற்காலத்தில் நினைத்திருக்கிறேன். அன்றைக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே என் காது ரோட்டுப் பக்கம் இருக்கும். வளைவில் அவர் காலடி வேறு மாதிரி கேட்கும்.

ஒரு சனிக்கிழமை அவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. தோட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர் அனுமதி இல்லாமல் தோட்ட எல்லைக்குள் வந்தது குற்றமாம். அத்துமீறல் என்றார்கள்.

"பொண்டாட்டி புள்ளையப் பாக்க வந்தேங்க" என்றார்.

"அதக் கோட்டுல சொல்லு."

கோட்டில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ஜெயிலுக்குப் போனவர் என்பதால் இந்தத் தடவை மூன்று மாதம். ஜெயிலில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிற ஒருவன் பழக்கமானான். வெளியே வந்த பிறகு இவருக்கு வேலை கொடுக்க அவன் ஒருவன்தான் இருந்தான். கசிப்புக் குடம் சுமந்து பிடிபட்டு மூன்றாம் தடவை ஒரு வருஷம். மழையில் அடுப்புக்கு விறகு கொண்டு வந்த மனிதர் மூன்று வருஷத்தில் பொலிஸ் புத்தகத்தில் 'பழைய குற்றவாளி' ஆகிவிட்டார்.

அந்த ஒரு வருஷம் முடிந்தும் அவர் வரவில்லை. கடிதமும் இல்லை. சனிக்கிழமை வந்தால் நான் பாட்டுக்கு ஒரு ஆளுக்குக் கூடுதலாக உலை வைத்துவிடுவேன். கொஞ்ச காலம் கழித்து அப்பா சொன்னார், "உனக்கு வேற எடம் பாப்போமா?" நான் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். அப்பா மறுபடி கேட்கவில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோது என் தம்பி ஒரு காரியம் செய்தான். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்தவன், தேயிலைத்தூள் ஒரு மூட்டையை வெளியே கடத்தி விற்றுவிட்டான். அது நிஜமான களவு. கையும் மெய்யுமாகப் பிடித்தார்கள். இன்னொரு தடவை அந்த வரிசையில் போய் நிற்க என்னால் முடியாது என்று அழுதேன்.

ஆனால் அந்தத் தடவை வேறு மாதிரி நடந்தது. நீதவான் புதியவர். உடனே தீர்ப்புச் சொல்லாமல், விசாரித்து எழுதித் தரும்படி நன்னடத்தை அதிகாரி ஒருவரை அனுப்பினார். யாழ்ப்பாணத்துப் பையன், மீசைகூட அடர்த்தியாக இல்லை. லயத்துக்கே நடந்து வந்தார். கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடை மேல் உட்கார்ந்து, அப்பாவிடமும் என்னிடமும் கங்காணியிடமும் விசாரித்தார். தம்பியிடம் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு துரை பங்களாவுக்குப் போய், "இவன்ரை பேரை வெட்டினா, இவன் களவெடுக்கிறதை விட வேறை வழியில்லை, சேர்" என்று சொன்னதாக ஆபீஸ் கிளாக்கர் ஐயா வந்து சொன்னார். துரையும் புதியவர்தான். ஒத்துக்கொண்டார்.

ஒரு வருஷப் பிணையில் தம்பியை விட்டார்கள். ஸ்டோரிலிருந்து மாற்றி மலை வேலை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், கொழுந்து எடுக்கிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்துக்கு அவன் கல் சுமந்து சுவர் கட்ட வேண்டும். அவன் கூனிக்கொண்டு கல் சுமப்பதைத் தோட்டமே பார்த்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். சுவர் முடிந்தபோது அவனைத் திருடன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதற்கப்புறம் அவன் களவு பக்கம் போகவும் இல்லை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தம்பி சாயங்காலம் கை கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பீலியில் கால் கழுவிக்கொண்டு நிற்பது கண்ணில் வரும். ஒரு நாள் அந்த அதிகாரி வந்திருந்தபோது, என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரை விழுந்த மரத்துக்குக் கொண்டுபோனாங்க. அப்பவே நீங்க ஏன் வரல?"

அவர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் பள்ளிக்கூடத்திலை படிச்சுக்கொண்டிருந்தனான், அக்கா" என்றார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் வீட்டுக்காரரின் பேரையும் அவருடைய அப்பா பேரையும் கேட்டு எழுதிக்கொண்டார். கோட்டில் அன்று நடந்ததையும் கேட்டார். சுற்றவாளி என்றால் என்ன அர்த்தம் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

நாலு மாதம் கழித்து அந்த அதிகாரியிடமிருந்து ஒரு தபால்காட்டு வந்தது. என் வீட்டுக்காரர் கண்டியில் ஒரு விறகு மடுவத்தில் இருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

மகளோடு போனேன். முற்றத்தில் கட்டை பிளந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வரலாம்னு இருந்தேன், புள்ள. வந்தா மறுபடி புடிப்பாங்க. உங்களுக்கும் கெட்ட பேரு."

"ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"என்னன்னு சொல்றது?"

புதிய துரையிடம் அந்த அதிகாரி அனுமதி வாங்கித் தர, அவர் தோட்டத்துக்கு வந்தார். நாலு நாள் இருந்தார். காம்பராவை விட்டு வெளியே போவதென்றால், "போகட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். சோறு வைத்தால் நான் சாப்பிடச் சொல்லும்வரை தொடவில்லை. காலையில் பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து சுவரோரம் நேராக நின்றார். மகள் அவரைப் பார்த்துப் பயந்து என் பின்னால் ஒதுங்கினாள். ஐந்தாம் நாள் காலையில் அவரே சொன்னார்.

"கண்டியிலயே இருந்துக்கிறேன், புள்ள. இங்க எல்லாரும் என்னைய நல்லபடியா பாக்கறாங்க. அதுதான் தாங்கல."

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் எனக்கு வேண்டியவர்தான். ஆனால் நான் பத்து வருஷமாகக் காத்திருந்தது, தோள் குலுங்கச் சிரிக்கிற அந்தக் கான் வெட்டுகிற வாலிபனுக்காக. அவனை எந்தக் கோட்டில் போய்க் கேட்பது?

பிறகு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் கண்டியிலிருந்தும் நான் ஹட்டனிலிருந்தும் ரயிலேறி நாவலப்பிட்டி ஸ்டேஷனில் இறங்குவோம். அது எனக்கும் ஊரில்லை, அவருக்கும் ஊரில்லை. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் கிடையாது. நான் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோவேன், அவர் வாழைப்பழம் வாங்கி வைத்திருப்பார். பெஞ்சியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மகளின் படிப்பு, தம்பியின் கல்யாணம், விறகு மடுவத்து முதலாளியின் கோபம் என்று ஏதாவது பேசுவோம். சில நாள் மகளும் வந்தாள். இரண்டாம் வருஷம் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டாள்.

மூன்று வருஷம் அப்படிச் சந்தித்தோம். நெஞ்சுச் சளி கண்டு அவர் கண்டியிலேயே கண்ணை மூடினார்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மேலே எங்கேயோ மண் சரிந்து, நான் ஹட்டனுக்குத் திரும்பிப் போகிற வண்டி நின்றுவிட்டது. எப்போது விடுவார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. "நீங்க உங்க வண்டியில போங்க" என்றேன். "இருக்கட்டும்" என்றார். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சு ஓய்ந்து, அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது. நன்றாகத் தூங்கிவிட்டார். சாயங்காலம் கண்டிக்குப் போகிற வண்டி வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், மணி அடித்தது. நான் அவரை எழுப்பவில்லை.