கடைசி மரத்தின் பூ

அகுவாஹே பனை, பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. ஆண் மரம் காய்க்காது. சதுப்பில் நின்ற பெண் மரங்களைப் பழத்துக்காக வெட்டி வெட்டி, வெட்ட ஒன்றுமில்லாமல் போனபிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது. இனி மரத்தில் ஏறித்தான் பறிக்க வேண்டுமாம். ஏறுவதற்கு எந்த மரம் இருக்கிறது?

எல்மிரா கொல்லையில் கன்றுகள் நட்டு, எட்டு வருஷம் காத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பூத்தது, ஒவ்வொன்றும் ஆணாகப் போயிற்று. இன்று கடைசி மரம் பாளை விட்டிருந்தது. அவள் கணவன் தேயோபிலோ இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு ஏறினான்.

வேலியோரம் நின்ற கொழுந்தன் நீல்டோ, "கூடை எதுக்கு அண்ணி, பூப்பொறுக்கவா?" என்றான்.

"உன் வாயை மூட."

அவள் அண்ணாந்து, "கெழவா, என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

மேலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பூக்கள் மட்டும் பொலபொலவென்று அவள் கூடைக்குள் உதிர்ந்தன. ஆண் பூதான் அப்படி உதிரும். நீல்டோ சிரிக்கவில்லை.

"சரி, எறங்கு கெழவா."

"எறங்கி என்ன பண்ணப்போறேன்?" என்றது மரத்தின் மேலிருந்து அவன் குரல்.