செவ்வாய் வீட்டில் தண்ணீர் குறைந்த நாட்கள்

டெக்சாஸில் ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு செவ்வாய் கிரகத்துக்குப் போனேன். அதாவது, செவ்வாயில் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று பழகிப் பார்ப்பதற்காக, ஆர்வலர்கள் சிலர் மேற்கு டெக்சாஸ் பொட்டலில் கட்டியிருந்த உருளை வடிவ வீட்டுக்கு. ஊருக்குப் போவதற்காகச் சேர்த்து வைத்திருந்த லீவு அது. மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அங்கே தங்கப் போன எங்கள் ஆறு பேரில் இன்னொரு தமிழரும் இருந்தார். சொந்த ஊர் கீழக்கரை; ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்காகக் கான்ட்ராக்டில் வேலை. ஆஸ்டினில் இறங்கி ஒரு நாள் எங்கள் அபார்ட்மென்டில் தங்கினார். மறுநாள் என் காரில் ஏழு மணி நேரம் பேசிக்கொண்டே போனோம். போய்ச் சேர்வதற்குள் அவர் எனக்கு ‘பாய்’ ஆகிவிட்டார்.

அந்த வீட்டில் ஆளுக்கொரு அலமாரி அளவுக்குப் படுக்கையறை. வெளியே இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றுதான் என்றாலும், ஹெல்மெட்டும் கனத்த உடுப்பும் மாட்டி, இரட்டைக் கதவுக்கு நடுவே ஐந்து நிமிடம் நின்ற பிறகுதான் வெளியே போகலாம். போன் கிடையாது. மூன்று நாளைக்கு ஒரு குளியல், அதுவும் இரண்டு நிமிடம். காய்ந்த கேரட்டையும் அரிசியையும் பருப்பையும் போட்டு பாய் ஒருநாள் கஞ்சி காய்ச்சினார். எங்கள் தலைவி, ரிட்டயர்டு அறிவியல் டீச்சர், இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தண்ணீர் என் பொறுப்பு. ஐந்தாம் நாள் பார்த்தால் தொட்டி இருக்க வேண்டிய அளவைவிட நிறையக் குறைந்திருந்தது. காலைச் சாப்பாட்டின்போது சொன்னேன். எங்கள் குழுவில் பாறைகளை ஆராயும் பெண், தட்டைப் பார்த்தபடி, “ஒருவர் தினமும் ஐந்து முறை கழுவுகிறார்” என்றார்.

பாய் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதை நானும் பார்த்திருந்தேன். ஒரு டீ கப் தண்ணீர்தான். அதிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார். அதை அந்த மேஜையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் தலைவி என்னிடம், “உங்கள் மொழியில் அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்” என்றார். நானும் போய்ச் சொன்னேன்.

“பாய், தண்ணி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா?”

“ஒரு கப்தானே எடுக்கிறேன்? நீங்க பாத்திருக்கீங்கள்ல?”

“பாத்திருக்கேன். அவங்க அப்படி ஃபீல் பண்றாங்க.”

“சரி” என்றார்.

அடுத்த முறை வெளியே போனபோது ஒரு பிஸ்கட் டின் நிறையச் சுத்தமான மண் எடுத்து வந்தார். தண்ணீர் இல்லாத இடத்தில் மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவிக்கொள்ள அனுமதி உண்டாம். அதன் பிறகு தண்ணீர்ப் பக்கமே அவர் போகவில்லை. தொட்டி மட்டும் குறைந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். ஒரு குழாய் மூட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகி, கீழே மணல் சேறாகிக் கிடந்தது. இரண்டாம் நாள் வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டு அந்த மூட்டைத் திருப்பி மாட்டியது நான். சரியாக முறுக்கவில்லை. இப்போது முறுக்கினேன். ஆளுக்கொன்றாகத் தினமும் எழுதும் அறிக்கையில் அன்று ‘குழாய் மூட்டு இறுக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினேன். மேஜையில் வாய் திறக்கவில்லை. தொட்டி குறைவது நின்றது; இரண்டு நாள் கழித்துத் தலைவி, “ஒத்துழைத்ததற்கு நன்றி” என்று பாயைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார்.

திரும்பும் வழியில், ஃப்ரீவேயில், மனசு உறுத்தி உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்” என்றார். “எல்லாரோட ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பினது நான்தானே? படிச்சிட்டேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ஏன் பாய் கேக்கல?”

“நீங்களே சொல்வீங்கன்னு நாலு நாள் பாத்தேன்.”

ஏர்போர்ட் வரை அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார்.

ஒரு மாதம் கழித்து மீதி ஐந்து பேருக்கும் மெயில் எழுதி ஒப்புக்கொண்டேன். மற்றவர்கள் கேலியாகப் பதில் போட்டார்கள். பாறைப் பெண் மட்டும் பாய்க்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியதாகச் சொன்னார். பாயிடமிருந்து எனக்குப் பதில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வேலை விஷயமாக நியூ ஜெர்சி போனபோது அவருக்குப் போன் செய்தேன். நன்றாகவே பேசினார். மனைவி, பிள்ளைகள், கிரீன் கார்டு என்று எல்லாம் விசாரித்தார். சனிக்கிழமை சந்திக்கலாமா என்று கேட்டேன்.

“இந்த வாரம் கஷ்டங்க” என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.